பிள்ளைங்களோட நீண்ட விமானப் பயணம்: தின்பண்டப் பையால நடந்த கூத்தைச் சொல்லுங்க

கொடிமுல்லை:

விமானம் மாறுற இடத்துல மறுபடி ஒரு செக்யூரிட்டி இருக்கும்ல, அங்க நடந்தது இது. ஏறின இடத்துல ஒண்ணுமே சொல்லல. பால், தயிர் டப்பா, பழக்கூழ் பவுச் எல்லாம் ஒரே பையில இருந்தது. "குழந்தைக்கு"ன்னேன், ஸ்கேன் பண்ணிட்டுக் குடுத்துட்டாங்க. மாறின இடத்துல இருந்த அதிகாரியம்மா பையைக் கவுத்து எல்லாத்தையும் மேசை மேல வரிசையா அடுக்கினாங்க. பவுச்சுல குழந்தை படம் போட்டிருந்தது, அதை ஓரமா வச்சாங்க. பாலைத் திறக்கச் சொல்லிச் சோதிச்சாங்க, அதுவும் தப்பிச்சுது. தயிர் டப்பாவுல படம் எதுவும் இல்ல. நேரா குப்பைத்தொட்டி.

மகளுக்கு மூணு வயசு. ஒவ்வொரு டப்பாவும் டொப்புனு விழுறப்போ "அது என்னோடது, அதுவும் என்னோடது"ன்னு சொல்லிட்டே வந்தா. கடைசி டப்பா விழுந்ததும் அழல. அந்தம்மாவை அண்ணாந்து பார்த்து "உங்களுக்கும் பசிக்குதா?"ன்னு கேட்டா. அவங்களுக்கு நம்ம மொழி புரியல, ஏதோ நன்றி சொல்றான்னு நினைச்சுச் சிரிச்சாங்க. எனக்கு அந்தச் சிரிப்புதான் இன்னும் ஆறல.

கைப்பையில கொண்டுபோற திரவம் ஒவ்வொண்ணும் 100 மி.லி.க்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2006லேர்ந்து இருக்குறது எனக்கும் தெரியும், அதைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குழந்தை உணவுக்கு விலக்கு உண்டுன்னா, எந்த வயசு வரைக்கும் குழந்தை? டப்பா மேல படம் இருந்தாதான் குழந்தை உணவா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேப்பநிழல்:

அக்கா, உங்களுக்குத் தயிர்தான் போச்சு. எங்க வீட்டு வாண்டு பக்கத்து சீட் பெரியவரை ஜூஸ்ல குளிப்பாட்டிட்டான்.

குழாய் மடங்கி மூடிக்குமே, "சிந்தவே சிந்தாது"ன்னு சொல்லி விப்பாங்களே, அந்தச் சிப்பர்தான். சீட் பெல்ட் விளக்கு அணைஞ்சதும் ஜூஸ் கேட்டான். குழாயை நிமிர்த்தினதுதான் தெரியும், பீச்சி அடிச்சுது. பெரியவரோட மூக்குக்கண்ணாடி, வெள்ளைச் சட்டை எல்லாம் ஆரஞ்சு நிறம். மனுஷன் கண்ணாடியைக் கழட்டினார், துடைச்சார், மாட்டினார், நிறுத்தி வச்சிருந்த படத்தை மறுபடி ஓட விட்டார். ஒரு வார்த்தை இல்ல. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நான் டிஷ்யூ நீட்டினதைக்கூட வாங்கல. மீதிப் பயணம் முழுக்க முழங்கையை ஒடுக்கிட்டே உக்காந்திருந்தார்.

ஏன் பீச்சுதுன்னு அப்புறம் யோசிச்சேன். விமானத்துக்குள்ள இருக்குற காத்தழுத்தம் 6000லேர்ந்து 8000 அடி மலை மேல இருக்குற அளவுதான். தரையில மூடி வச்ச காத்து அங்க கால் பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் விரியப் பார்க்கும். குழாயோட நுனி அடியில கிடக்கு, காத்து மேல உக்காந்து அமுக்குது. ஜூஸுக்குப் போக வேற வழி? அதனால பாதி காலியான சிப்பர்தான் ரொம்ப மோசம், அதுலதான் காத்து அதிகம். குழாயை நிமிர்த்துறதுக்கு முன்னாடி மூடியைக் கொஞ்சம் திருகிப் புஸ்ஸுனு காத்தை விட்டுட்டாப் போதும். தாள் ஒட்டி மூடின டப்பா எதுவா இருந்தாலும் உப்பிக்கிட்டு நிக்கும், முகத்துக்கு நேரா வச்சு உரிக்காதீங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடிக்கடி பறப்பவன் நான். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பையன், சாய்ந்து படுத்தபடி முழுத் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று சத்தமே வரவில்லை. இருமல்கூட இல்லை. அவன் அம்மா மடியில் கவிழ்த்து முதுகில் அடித்ததும் திராட்சை என் செருப்பருகே வந்து விழுந்தது. உருட்டிப் பார்த்தேன், பல் பட்ட தடம்கூட அதில் இல்லை.

ஆகவே சில விஷயங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் டப்பாவில் போட வேண்டும், குறுக்கே வெட்டினால் பயனில்லை, வட்டம் வட்டமாகவேதான் இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கடலை, முழு பாதாம், பாப்கார்ன் எதுவும் வேண்டாம். ஐந்து தாண்டியவர்களுக்கு பாதாமைவிட நல்ல பயண உணவு கிடையாது, கெடாது, ஒழுகாது, செக்யூரிட்டியிலும் யாரும் தொடமாட்டார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்காதீர்கள், அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதில் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். புட்டிப்பால் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பால்பொடி கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று, எனவே 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, பிறகு ஆற வைத்துத்தான் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பொடியை ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக அளந்து எடுத்துச் செல்லுங்கள். விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், உதடு வெடிக்கும், குழந்தை கேட்கும்வரை காத்திராமல் அவ்வப்போது இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுங்கள். ஜூஸ் வேண்டாம். இனிப்பு வேண்டவே வேண்டாம், சர்க்கரை உள்ளே போனால் பிள்ளைகள் நடைபாதையில் குதிரை ஓட்டத் தொடங்கிவிடுவார்கள்.

கொடிமுல்லை, தயிருக்குப் பதில் கட்டிச் சீஸும் ரொட்டியும் கொண்டுபோயிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

மின்மினி:

ஐயா, கதை நாலு வரி, அறிவுரை நாப்பது வரி! திராட்சை சரி, ஒத்துக்கிறேன். ஆனா "பாதாமைவிட நல்ல உணவு கிடையாது"ன்னு பொதுவுல சொல்லாதீங்க, என் பையனுக்குக் கொட்டை வகை எல்லாமே அலர்ஜி.

ஏறினதும் பணிப்பெண்கிட்ட சொன்னோம். அவங்களும் மைக்ல "இந்தப் பகுதியில ஒரு பயணிக்குக் கடுமையான அலர்ஜி இருக்கு, தயவுசெஞ்சு கொட்டை வகைகளைப் பிரிக்க வேண்டாம்"னு அறிவிச்சாங்க. அறிவிப்பு முடிஞ்சு கொஞ்ச நேரம்கூட ஆகல, முன் வரிசையில பாக்கெட் கிழியுற சத்தம். முந்திரி. அவர் பிள்ளைக்கு ஒண்ணு, தனக்கு ரெண்டுன்னு ஊட்டிட்டு இருக்கார். என் பையன் என் காதுகிட்ட வந்து, "அந்த அங்கிளுக்குக் காது கேக்காதாம்மா?"ன்னான். நிஜமாவே அப்படித்தான் நினைச்சிருக்கான், கிண்டல் இல்ல. நான் எழுந்து போய்க் கேட்டேன். "என் பிள்ளைக்குப் பசிக்குது, உங்க பிள்ளைக்காக அவன் பட்டினி கிடக்கணுமா?"ன்னார்.

பதில் சொல்லாம திரும்பி வந்துட்டேன். என்ன சொல்லியிருக்கணும்னு இப்பவும் பாத்திரம் தேய்க்கிறப்போ ஒத்திகை பாக்குறேன்.

எங்களை மாதிரி இருக்குறவங்களுக்கு: பக்கத்துல யாரோ சாப்பிடுறதைவிட, முன்னாடி உக்காந்தவங்க விட்டுட்டுப்போன துகள்தான் பெரிய ஆபத்து. தட்டு மேசை, கைப்பிடி, திரை எல்லாத்தையும் உக்காந்ததும் ஈரத்தாள் வச்சு அழுத்தித் துடைங்க. அலர்ஜி வந்தா உடனே போடுற ஊசி மருந்தை மேல் அலமாரியில வைக்காதீங்க, காலடியில இருக்குற பையிலதான் இருக்கணும்.

ரெட்டைவால்:

குழந்தைங்க சாப்பாடு முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தேன் (பெரும்பாலான விமானங்கள்ல 24 மணி நேரத்துக்கு முன்னாடியாவது சொல்லணும்). எல்லாருக்கும் முன்னாடி வந்துச்சு. ரெண்டும் தூங்குது. ரெண்டும் எழுந்தப்போ தட்டெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு. அந்த ரெண்டு தட்டையும் தின்னது நான். அதுல வந்த கலர் பென்சில் டப்பா மட்டும் பத்திரமா இருக்கு.

புளியங்கொம்பு:

வாத்தியாரய்யாவுக்கு ஒரு மறுப்பு. சர்க்கரை தின்னா பிள்ளைங்க ஆடும்ங்கிறது நிரூபணமாகாத விஷயம். 1995ல ஜாமா மருத்துவ இதழ்ல பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, குழந்தைங்க நடத்தையில சர்க்கரையால மாற்றம் தெரியலன்னுதான் எழுதினாங்க. பல்லுக்குக் கெடுதல்னு சொல்லுங்க, ஏத்துக்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு சீட்ல கட்டிப்போட்டா சர்க்கரை இல்லாமலும் பிள்ளை ஆடத்தான் செய்யும்.

சொல்லப்போனா எங்களைக் காப்பாத்தினதே ஒரு குச்சி மிட்டாய்தான். தரையிறங்க அரை மணி நேரம் முன்னாடி விமானம் கீழ வர ஆரம்பிக்கும், காது அடைச்சுக்கும். முழுங்குனாத்தான் திறக்கும். மக நல்லாத் தூங்கிட்டு இருந்தா, காதைப் பிடிச்சுட்டு வீல்னு எழுந்தா. என்கிட்ட மிச்சம் இருந்தது பிஸ்கட் தூள்தான், அவ வாயோ காஞ்சு கிடக்கு. எல்லாரும் பெல்ட் போட்டாச்சு, பணிப்பெண்களும் உக்காந்தாச்சு. பின் வரிசையிலேர்ந்து ஒரு கை, சீட் இடுக்கு வழியா நீண்டுச்சு, கையில ஒரு குச்சி மிட்டாய். மக பிடுங்கி வாயில வச்ச அடுத்த நிமிஷம் சத்தம் நின்னுச்சு. திரும்பிப் பார்த்தா காதுல பெரிய வளையம், கழுத்தெல்லாம் பச்சை குத்தின ஒரு இளவட்டம். ஏறும்போது அவனைப் பார்த்துட்டு "இவன் பக்கத்துல சீட் கிடைச்சுடக் கூடாது"ன்னு வீட்டுக்காரர்கிட்ட முணுமுணுத்தவ நான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

விமானம் குலுங்கும்போது வாயில் குச்சியா! தொண்டையில் குத்தினால் என்ன செய்வது? கைக்குழந்தையானால் தாய்ப்பால் அல்லது புட்டி, வளர்ந்த குழந்தையானால் குழாயில் தண்ணீர். முழுங்குவதுதான் முக்கியம், மிட்டாய் அன்று. இறங்கத் தொடங்குமுன் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடுவதும் நல்லது.

மின்மினி:

தூங்குற பிள்ளையை எழுப்புறதா? ஐயா நீங்க தாத்தா, எழுப்பிட்டு அம்மாகிட்ட குடுத்துடுவீங்க.

கடலோடி:

இறங்கினப்புறம் வர்ற கதையை யாரும் சொல்லல. நியூசிலாந்து. விமானத்துல குடுத்த மாண்டரின் ஆரஞ்சை மகன் தின்னாம தன் முதுகுப்பையில பதுக்கிட்டான், எங்களுக்குத் தெரியாது. பெட்டி எடுக்கக் காத்திருக்கோம், ஒரு நாய் மோந்துட்டே வந்து அவன் பை பக்கத்துல சமத்தா உக்காந்துருச்சு. பயலுக்கு ஒரே சந்தோஷம்! "அப்பா, இதுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு, கூட்டிட்டுப் போலாம்"ங்கிறான். கூட வந்த அதிகாரி பையைத் திறந்து ஆரஞ்சை எடுத்ததும், "அது நாய்க்கு. நாய்க்குக் குடுங்க"ன்னு ஒரே அடம்.

அங்க அறிவிக்காம பழம் கொண்டுவந்தா அந்த இடத்துலயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடுவாங்க. படிவத்துல உணவு இருக்குன்னு மனைவி ஏற்கனவே 'ஆம்' போட்டிருந்தா, பிஸ்கட்டை மனசுல வச்சுட்டு. அந்த டிக்கைக் காட்டித்தான் தப்பிச்சோம். "பிஸ்கட்டுக்கெல்லாம் எதுக்கு, 'இல்லை'ன்னு போடு"ன்னு விமானத்துல அவகூடச் சண்டை போட்டவன் யாருன்னு கேக்காதீங்க. ஆஸ்திரேலியாவும் உணவு விஷயத்துல இதே கண்டிப்புதான். விமானத்துல குடுத்ததாச்சேன்னு சொன்னா எடுபடாது.

கொடிமுல்லை:

நாய் வந்துருச்சு, முந்திரி வந்துருச்சு, பச்சை குத்தினவர்கூட வந்துட்டார். என் கேள்வி அங்கயே நிக்குது.

சக்கரப்பெட்டி:

இந்த வயசு வரைன்னு உலகத்துக்கே பொதுவான கோடு எதுவும் இல்லங்க. அமெரிக்காவுல விமான நிலையச் சோதனையைப் பாத்துக்குற டி.எஸ்.ஏ.வோட விதிப்படி தாய்ப்பால், ஃபார்முலா, சின்னப் பிள்ளைங்க குடிக்கிற பானம், பழக்கூழ் பவுச் எல்லாம் 3.4 அவுன்ஸுக்கு (அதே 100 மி.லி.தான்) மேல இருந்தாலும் கொண்டுபோகலாம். நாமளே முன்கூட்டிச் சொல்லி, தனியா எடுத்து வைக்கணும். ஐரோப்பாவுலயும் பயணத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. சாதாரணத் தயிர் ஜெல் கணக்குல வரும், திரவத்துக்கு இருக்குற அதே கட்டுப்பாடுதான். அதைக் குழந்தை உணவா எடுத்துக்குறதா இல்லையாங்கிறது மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க முடிவு.

ஏறின இடத்துல விட்டதை மாறின இடத்துல பிடுங்குறதும் சகஜம். சில விமான நிலையங்கள்ல புது ஸ்கேனர் வந்து 100 மி.லி. கட்டுப்பாடே தளர்ந்திருக்கு, அடுத்த நிலையத்துல பழைய ஸ்கேனர் இருக்கும். தளர்த்தின இடத்துலயும் திரும்ப இறுக்கினது உண்டு, 2024 செப்டம்பர் 1ல ஐரோப்பாவுல அப்படி ஆச்சு. அதனால நடுவுல மாறுற நிலையத்தோட விதியைத்தான் முதல்ல பார்க்கணும். காலி சிப்பரை எங்கயும் தடுக்க மாட்டாங்க. செக்யூரிட்டி தாண்டின கடையில பானம் வாங்கினா, சீல் வச்ச பையில ரசீதோட போட்டுத் தரச் சொல்லுங்க. மாறுற இடம் வரைக்கும் அதைப் பிரிச்சுடாதீங்க.

குருத்தோலை:

வேப்பநிழல், வெந்நீர் ஃபிளாஸ்க்கும் அப்படிப் பீச்சுமா? பால்பொடிக்கு எடுத்துட்டுப் போறேன், நாளைக்கு ராத்திரி கிளம்புறோம்.

வேப்பநிழல்:

காலியா கொண்டுபோய், மேல ஏறினப்புறம் பணிப்பெண்கிட்ட நிரப்பி வாங்குங்க. அங்கயே மூடுறதால பீச்சாது. ஆனா அந்த வெந்நீர் விமானத்தோட தண்ணித் தொட்டியிலேர்ந்து வருதா, பாட்டில் தண்ணியைக் காய்ச்சினதான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. உள்ள ஆற ஆற மூடி இறுகும், விமானம் இறங்குறப்போ இன்னும் இறுகும். பிள்ளை பசியில கத்துறப்போ திறக்க முடியாமத் தவிப்பீங்க. அதனால இறங்க ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே ஒரு தடவை திறந்து காத்து விட்டு மூடி வச்சுக்கோங்க.