எங்கள் வார்டு வேட்பாளரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சென்னையின் 200 வார்டுகளில் ஒன்றில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நிற்கப்போகும் ஒரு பெண்மணியின் சுவரொட்டி தெருமுனையில் முளைத்திருக்கிறது. அதில் அவர் படம் தபால்தலை அளவு. கணவர் படம் அரை ஆள் உயரம்! பாதி வார்டுகளைப் பெண்களுக்கு ஒதுக்கியது இதற்காகவா என்று எரிச்சல் வந்தது. அச்சடித்தது யாரோ, அந்தப் பெண்மணியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

2022 பிப்ரவரித் தேர்தலில் அவர் சுயேச்சையாக நின்று தோற்றவர் என்கிறார்கள். அப்போது வேட்பாளர்கள் சொத்து, கல்வி, குற்ற வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார்களே, அதன் நகலை எப்படிப் பெறுவது? வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

சொத்துக் கணக்கைவிட எனக்கு முக்கியம் மழைநீர் வடிகால். போன ஐப்பசியில் எங்கள் வாசலில் இரண்டாம் படிவரை தண்ணீர்; பால் பாக்கெட்டை மாடியிலிருந்து கூடை இறக்கித்தான் வாங்கினோம். வடிகால் பற்றியும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையை ஒழுங்காகக் கூட்டுவது பற்றியும் அவர் பேசிக் கேட்டவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வருகிறாராம். அதற்குள் கேள்விகளைத் தாளில் எழுதிவைக்க வேண்டும்.