ஐடிபி: அக்காவின் பிளேட்லெட் 20,000-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது

என் அக்காவுக்கு வயது 34. ஐடிபி என்ற ரத்த நோய் என்று தெரிந்து ஏழு மாதம் ஆகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) அழித்துவிடுகிறது, குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது முதல் பரிசோதனையில் வெறும் 9,000. சாக்ஸ் ரப்பர் பதிகிற இடத்தைச் சுற்றி ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள், விரலால் அழுத்தினாலும் மறையவில்லை, அதைப் பார்த்துத்தான் பயந்து டாக்டரிடம் ஓடினோம். இப்போதும் சில நாள் காலையில் ஈறு ரத்தம் தலையணையில் கறையாக இருக்கும், மாதவிலக்கு பத்து நாள் வரை நீள்கிறது.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்ததும் 1,10,000 வரை ஏறியது. டோஸைக் குறைத்ததும் 14,000. முகம் வீங்கி, ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம். அப்புறம் ஐவிஐஜி (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) நரம்பு வழியாக ஏற்றினார்கள், மூன்றே வாரம் தாங்கியது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக் மாத்திரை 50 மி.கி. மூன்று வாரம், பிறகு 75 மி.கி. மூன்று வாரம், பால், தயிர், கால்சியம் மாத்திரை எதுவாக இருந்தாலும் நாலு மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் கொடுத்தோம், ஒரு நாள்கூடத் தவறவில்லை. நேற்று 19,000.

எலும்பு மஜ்ஜை, ஹெபடைடிஸ், எச்ஐவி பரிசோதனைகளில் கோளாறு எதுவும் இல்லை. தட்டணுக்கள் அழிக்கப்படுகிற இடமான மண்ணீரலை எடுப்பதற்கு ஒரு வருடமாவது பொறுக்கலாம், தானாகச் சரியாகிறவர்களும் உண்டு என்கிறார் டாக்டர், அடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து என்கிறார்.

எல்ட்ரோம்போபாக் கேட்காமல் ரிட்டுக்சிமாபுக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, உங்களுக்கு எண்ணிக்கை ஏற எத்தனை வாரம் ஆனது?