மென்மையான கணையம், 2 மி.மீ. குழாய்: குடலோடு எப்படி இணைக்கிறீர்கள்?

வணக்கம். அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருக்கிறேன். கணையத்தின் தலைப்பகுதியை நீக்கும் விப்பிள் அறுவையில், மீதிக் கணையத்தைச் சிறுகுடலோடு இணைக்கும் இடத்தில்தான் சிக்கல்.

நாலு மாதத்தில் இரண்டு பேருக்கு அந்த இணைப்பில் கணைய நீர்க் கசிவு. இருவருக்குமே கணையம் வெண்ணெய் மாதிரி. முடிச்சை இறுக்கினாலே நூல் திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. கணையக் குழாய் 2 மி.மீ.தான். மூன்றாம் நாள் ட்ரெயின் (வயிற்றிலிருந்து திரவத்தை வெளியேற்றும் குழாய்) திரவத்தில் கணைய நொதியான அமைலேஸ், ரத்த அளவின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டியது. ஒருவருக்குக் காய்ச்சலும் சேர்ந்தது. மூன்று வாரமாகியும் ட்ரெயினை எடுக்க முடியவில்லை. அதாவது கிரேடு பி, சிகிச்சைப் போக்கையே மாற்றும் அளவுக்கான கசிவு.

முதலாமவருக்கு டக்ட்-டு-மியூகோசா (கணையக் குழாயைக் குடலின் உள்சவ்வோடு தைப்பது), உள்ளே சின்ன ஸ்டென்ட். அடுத்தவருக்குக் கணையத்தை ஊடுருவி U வடிவில் போடும் ப்ளம்கார்ட் தையல். கணையச் சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று.

படித்ததில் குழப்பம்தான் கூடியது. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் (197 பேர்), கணைய முனையைக் குடலுக்குள் செருகியவர்களில் 12% பேருக்கும் டக்ட்-டு-மியூகோசாவில் 24% பேருக்கும் கசிவு. 2003-இன் இத்தாலிய ஆய்விலோ சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. இரைப்பையோடு இணைத்தாலும் கசிவு குறையவில்லை என்கிறது 2016-இல் வந்த ஜெர்மனியின் ரெகோபாங்க் ஆய்வு. "கை பழகிய முறைதான் நல்ல முறை" என்கிறார் சீனியர். இருக்கலாம். கை பழகும்வரை நோயாளி என்ன செய்வார்?

அடுத்து செருகும் முறைக்கு மாறலாம் என்றிருக்கிறேன். இப்படி மென்மையான கணையத்தில் அதைச் செய்பவர்கள், முனையை எத்தனை செ.மீ. விடுவித்துக் குடலுக்குள் செருகுகிறீர்கள்?