மீட்கப்பட்ட சிம்பன்சி என்னை நம்பவே மாட்டேன் என்கிறாள், எங்கே தவறுகிறேன்?

தூறல்:

வணக்கம். சிம்பன்சி காப்பகம் ஒன்றில் பராமரிப்பாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. என் பொறுப்பில் இருக்கும் கூட்டத்தில் மொத்தம் ஏழு பேர். ஆறு பேரோடு ஒரு குறையும் இல்லை, காலையில் வெளிக்கதவின் சத்தம் கேட்டதுமே கம்பிவலைப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அதில் ஒருவன் முதுகை வலையோடு ஒட்டிவைத்துக்கொண்டு நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் சொறிந்துவிடும்வரை நகரவே மாட்டான்.

ஏழாவது ஆள்தான் என் கவலை. முப்பது வயதைத் தாண்டியவள், அதில் பாதிக்கும் மேல் மருத்துவ ஆய்வகத்தில் கழிந்தது. என்னைப் பார்த்ததும் பரணில் ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். நான் இன்னும் கிட்டே போனால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, சரியான தூரம் வரும்வரை பொறுமையாக இருந்து, முகத்திலேயே துப்புவாள். இரண்டு முறை மலத்தையும் எறிந்தாள். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. போன வாரம் நடந்ததுதான் மனதை அரிக்கிறது. முதல் முறையாக அவளே இறங்கி வலைக்கு அருகில் வந்தாள், உதடுகள் இரண்டும் பின்னால் போய்ப் பல் எல்லாம் தெரிய என்னைப் பார்த்தாள், சிரிக்கிறாள் என்று நினைத்து முகக்கவசத்தை இறக்கிவிட்டு நானும் நன்றாகச் சிரித்தேன். அடுத்த நொடி அலறிக்கொண்டு ஓடினாள், மொத்தக் கூட்டமும் கத்த ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து நான் இருக்கும்போது கீழே வருவதே இல்லை.

மூத்தவர்கள் எல்லோரும் "நேரம் கொடு" என்கிறார்கள். சரி, கொடுக்கிறேன். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்?

பழையசாவி:

தூறல், முதலில் அந்தச் சிரிப்பு. அது சிரிப்பே இல்லை. சிம்பன்சி இரண்டு வரிசைப் பல்லும் தெரிய உதட்டை இழுத்தால் அது பயம். பயந்துகொண்டே உங்களிடம் வந்திருக்கிறாள், நீங்கள் பதிலுக்குப் பல்லைக் காட்டியதும் 'இந்த ஆளும் பயப்படுகிறார், அப்படியென்றால் இங்கே ஏதோ ஆபத்து' என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும். உண்மையில் சந்தோஷமாக விளையாடும்போது அவர்கள் முகம் வேறு மாதிரி: வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல் பல் உதட்டுக்குள் மறைந்திருக்கும், கூடவே மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம் வரும். நாமும் சிரிக்க நினைத்தால் மேலுதட்டால் பல்லை மூடிக்கொண்டு வாயைத் திறக்கப் பழக வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகுங்கள், எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

முகக்கவசத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறக்காதீர்கள், இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2013ல் உகாண்டாவின் கிபாலே காட்டில், நமக்கு வெறும் ஜலதோஷம் தருகிற ரைனோவைரஸ் சி ஒரு கூட்டத்துக்குள் புகுந்து 56 சிம்பன்சிகளில் 5 செத்துப்போயின. நம் தும்மல் அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அப்புறம் அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை அவள் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அமெரிக்க ஆய்வகங்களில் பெரிய சிம்பன்சி ஒன்றுக்குக் கிடைத்த கூண்டு பல இடங்களில் 5 அடிக்கு 5 அடி, உயரம் 7 அடி. ரத்தம் எடுக்கவோ ஈரலில் சதைத்துணுக்கு எடுக்கவோ ஆள் வந்தால், கையில் மயக்க ஊசித் துப்பாக்கியோடு வருவார். சிலருடைய கோப்புகளில் அப்படி மயக்கப்பட்டது மட்டும் நூறு தடவைக்கு மேல். அந்த நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் 2015ல்தான் சிம்பன்சிகள் மீதான ஆய்வுக்கு முழுவதுமாக ஆதரவை நிறுத்தியது, அதற்குள் ஒரு தலைமுறையே அந்தக் கூண்டுகளில் வயதாகிவிட்டது. அவளைப் பொறுத்தவரை ஒரு மனிதர் தன்னை நோக்கி நேராக நடந்து வருகிறார் என்றால், அடுத்து வலிக்கப்போகிறது என்று பொருள்.

அதனால் நீங்கள் அவளிடம் போகவே போகாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், வலையிலிருந்து நன்றாகத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி, தரையில் உட்காருங்கள். அவளைப் பார்க்க வேண்டாம். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், சிக்குப் பிடித்த கயிற்றைப் பிரிப்பது போல ஏதாவது. சும்மா உட்கார்ந்து காத்திருக்கிற ஆள் எதற்கோ காத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வேலையில் மூழ்கியிருப்பவரைத்தான் அவர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள்.

எனக்கு அப்படி ஒருவன் இருந்தான். பதினோரு மாதம் அவன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. ஒருநாள் மதியம் கிழிந்த போர்வையைத் தைத்துக்கொண்டிருந்தேன், பூட்ஸ் பக்கம் ஏதோ உரசியது. பார்த்தால் வலை வழியாக நீளமான ஒரு வைக்கோல் தண்டு, அதன் மறுமுனை அவன் கையில். அந்தத் தண்டால் என் ஷூ லேஸின் முடிச்சை மெதுவாகத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு நுனியை மூக்கில் வைத்து முகர்ந்தான். நான் தையலை நிறுத்தவில்லை, கை நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

ஈரமண்:

பழையசாவி சொன்னதெல்லாம் சரி, ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். உட்கார்ந்திருப்பது மட்டும் போதாது, அவள் "வேண்டாம்" என்று சொன்னால் அது செல்ல வேண்டும். ஆய்வகத்தில் அவளுடைய வேண்டாம் ஒருமுறைகூட யார் காதிலும் விழுந்திருக்காது. முதுகைக் காட்டுகிறாளா, நீங்கள் இரண்டு அடி பின்னால் போங்கள், அவள் பார்க்கும்படி போங்கள். துப்ப வாயில் தண்ணீர் நிரப்புகிறாளா, துப்புவதற்கு முன்பே விலகுங்கள். "இப்படி விலகினால், துப்பினால் ஆள் போய்விடும் என்று பழகிவிடுவாள்" என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை, துப்பாமலே காரியம் நடக்கும் என்று தெரிந்த பிறகு என்னிடம் துப்புவதை நிறுத்தியவர்கள்தான் அதிகம்.

சாப்பாட்டை வைத்து இழுக்க வேண்டாம். அவளுக்கு உரியது எப்படியும் அவளுக்குக் கிடைக்க வேண்டும், நம் அருகில் வந்தாலும் வராவிட்டாலும். க்ளிக்கர் (அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் வருகிற சின்னக் கருவி) வைத்துப் பழக்குவது வேறு விஷயம், அது நல்லது, தோளை வலையோடு ஒட்டிக் காட்டினால் க்ளிக், ஒரு திராட்சை, பிறகு நாளடைவில் ஊசி இல்லாத சிரிஞ்சால் தொடுவது, இப்படியே தானாகத் தோளைக் கொடுத்து ஊசி போட்டுக்கொள்கிற சிம்பன்சிகள் பல காப்பகங்களில் இருக்கிறார்கள். ஆனால் நடுவில் எழுந்து போகிற சுதந்திரம் அவர்களுக்கு இருக்க வேண்டும், போனால் பழி வாங்குவது போலத் திராட்சைக் கிண்ணத்தை மூடிவைக்கக்கூடாது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு நன்றாக ஒட்டியிருந்த ஒருத்திக்குப் பல்லில் சீழ். மருத்துவர் வந்து காத்திருக்கிறார், எல்லோருக்கும் அவசரம். பழச்சாறு பாட்டிலைக் காட்டி உள்ளறைக்குக் கூப்பிட்டேன், வந்தாள், பின்னாலிருந்த தள்ளு கதவை மூடினேன். கதவு மூடியதும் அவள் கதவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஆனால் மறுபடி என் கையிலிருந்து எதையும் வாங்க எட்டு மாதம் ஆயிற்று, பழச்சாற்றை இன்றுவரை என்னிடம் வாங்குவதில்லை. அவசரம் வரத்தான் செய்யும். அப்படி வந்தால் கதவை மூடுகிற கை, தினமும் அவளோடு உட்காருகிற ஆளின் கையாக இருக்க வேண்டாம் என்று இப்போது நாங்கள் முறை வைத்திருக்கிறோம்.

தூறல்:

இரண்டு பேருக்கும் நன்றி, அந்தக் கதவு விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இன்னொரு கேள்வி. அவள் கூட்டத்தில் ஒரு கிழவனுக்கு மணிக்கணக்கில் பேன் பார்த்துவிடுகிறாள், அவ்வளவு மென்மையான கை. என்றாவது என்னிடம் வந்தால் நான் விரலை நீட்டலாமா? உள்ளே போய் உட்காருகிற நாள் என்று ஒன்று உண்டா?

பழையசாவி:

உள்ளே போவது இல்லை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. எடைக்கு எடை பார்த்தால் அவர்கள் தசை நம்முடையதைவிடச் சுமார் 1.35 மடங்கு ஆற்றல் தரும் என்று 2017ல் வெளிவந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது, அதோடு கோரைப்பல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறவள்கூடப் பின்னால் இரண்டு ஆண்கள் சண்டை போட்டால் அந்தப் பதற்றத்தில் கையில் இருப்பதைக் கடிப்பாள். பராமரிப்பாளருக்கு விரல் போனால் அது அந்தச் சிம்பன்சிக்கும் கெட்ட நாள், அதற்கப்புறம் எல்லோரும் அவளிடம் பயந்து பயந்துதான் பழகுவார்கள்.

குட்டிகள் கதை வேறு. உகாண்டாவின் இங்காம்பா தீவு, காங்கோவின் சிம்பூங்கா போன்ற காப்பகங்களுக்கு இறைச்சி வேட்டையில் தாயை இழந்து வருகிற குட்டிகளை ஆள் இடுப்பில் சுமந்துதான் ஆக வேண்டும், உடம்புச் சூடு இல்லாமல் அவை பிழைக்காது. உங்களுடையவள் குட்டி இல்லை.

விரலுக்குப் பதிலாக மணிக்கட்டை மடக்கி, புறங்கையை வலையிலிருந்து தள்ளியே காட்டுங்கள், அவர்களுக்குள் மரியாதையாகக் கை நீட்டுவது அப்படித்தான். தலையை லேசாக ஆட்டி உதட்டால் 'ப்ச் ப்ச்' என்று மெல்லச் சப்புக்கொட்டுங்கள், பேன் பார்க்கும்போது அவள் வாயிலிருந்து வருகிற அதே சத்தம். முடி சிலிர்த்து நின்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தள்ளிப் போங்கள்.

கரிக்குருவி:

அந்தக் கிழவன் என்று சொன்னீர்களே, அவன்தான் உங்களுக்கு வழி. அவனோடு நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று அவள் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பாள், முதுகைக் காட்டினாலும் பார்ப்பாள். அவன் வலைக்கு வந்தால் அவசரப்படாமல் அவனோடு இருங்கள், அவன் போக நினைத்தால் விடுங்கள். எனக்குத் தெரிந்து வீட்டில் மனிதக் குழந்தை போல வளர்ந்த சிம்பன்சி நம்மிடம் ஓடி வரும், மற்ற சிம்பன்சிகளைக் கண்டால் மூலையில் ஒண்டும். உங்களுடையவள் நேர்மாறு. அவளுக்குச் சொந்த இனத்தில் ஒரு துணை இருக்கிறது, அது பெரிய விஷயம். ஒன்பது வருடம் நான் பார்த்துக்கொண்ட ஒருத்தி ஒருநாள்கூட என் பக்கம் வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், ராத்திரி வைக்கோலும் போர்வையும் சேர்த்து வட்டமாகக் கூடு கட்டித் தோழியோடு ஒட்டிப் படுத்தாள். அவள் என்னை நம்பவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், நான் இருக்கும்போதே கண்ணை மூடித் தூங்குவாளே.

இன்னொன்று, வலைப் பக்கம் வரும் முன் சாவிக்கொத்தை ஒரே மாதிரி இரண்டு தடவை ஆட்டிவிட்டு வாருங்கள். வருவது நீங்கள் என்று உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியட்டும்.

தூறல்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தினமும் மூன்று மணிக்குச் சாவியை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்து பழைய வலைத்தொட்டிலின் முடிச்சுகளைப் பிரிக்கிறேன். முதல் மூன்று வாரம் முதுகுதான். நான்காவது வாரம் பாதி திரும்பி உட்கார்ந்தாள், ஒரு காதும் கன்னமும் தெரிந்தது. துப்பி இப்போது இருபது நாள் ஆகிறது.

நேற்று கிழவன் வலைக்கு வந்தான், அவனுக்குப் பின்னால் அவளும் இறங்கி வந்து அவன் முதுகில் பேன் பார்க்க உட்கார்ந்தாள், என்னிடமிருந்து ஒரு ஆள் நீளம் இருக்கும். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சப்புக்கொட்டினேன். அவள் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் அவளும் சப்புக்கொட்டினாள், எனக்கா கிழவனுக்கா தெரியாது, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேன் பார்க்க ஆரம்பித்தாள்.