எல்க் வேட்டைக்கு .45-70 லீவர் துப்பாக்கியில் எந்த குண்டு?

கேள்வி: மார்லின் 1895 வைத்திருக்கிறேன், .45-70 தோட்டா போடும், அடியில் உள்ள நெம்புகோலை (லீவர்) இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் (பெரிய மான் இனம்) வேட்டை, அடர்ந்த பைன் காடு, 150 கஜத்துக்கு மேல் சுட வாய்ப்பில்லை. 300 கிரெயின் (குண்டு எடையின் அலகு) ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி உள்ள குண்டு போதுமா, இல்லை 405 கிரெயின் வாங்கணுமா?

பதில் 1: சாதாரண 300 ஹாலோ பாயின்ட் வேண்டாம். வெள்ளைவால் மானுக்கு அது சரி, ஆனால் எல்க்கின் தோள் எலும்பில் பட்டால் சீக்கிரம் விரிந்து ஆழம் போகாமல் நின்றுவிடலாம், காயத்தோடு விலங்கு ஓடிப்போவதைவிடக் கொடுமை வேறில்லை. அதே எடையில் பார்ன்ஸ் நிறுவனத்தின் முழுச் செம்புக் குண்டு என்றால் கதை வேறு, அது உடையாது.

பதில் 2: என் ஓட்டு 405 தட்டை மூக்குக்குத்தான். அழுத்தம் அதிகம் தாங்காத பழைய டிராப்டோர் துப்பாக்கிகளை மனதில் வைத்துக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பிய தோட்டா நொடிக்கு 1,330 அடிதான் போகும், 100 கஜத்தில் சரியாகப் படும்படி சைட் (குறிபார்க்கும் பாகம்) வைத்தால் 200-ல் சுமார் இரண்டு அடி இறங்கிவிடும். உங்கள் தூரத்துக்கு அது பிரச்சினையே இல்லை.

பதில் 3: ஒன்று முக்கியம். இந்தத் துப்பாக்கியின் குழாய் மேகசினில் (தோட்டா வைக்கும் குழாய்) தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், முன்னால் இருப்பதன் பிரைமரில் (அடியில் உள்ள, அடித்தால் பற்றும் பகுதி) பின்னால் இருப்பதன் மூக்கு முட்டும். கூர்முனைக் குண்டு போட்டால் உதைப்பில் உள்ளேயே வெடிக்கலாம். கூர்மைதான் வேண்டுமென்றால் ஹார்னடி நிறுவனத்தின் 325 கிரெயின் எஃப்டிஎக்ஸ் குண்டு, அதன் முனை மென்மையான பாலிமர்.

கேள்வி கேட்டவர்: சரி, 405 வாங்குகிறேன். 100 கஜத்துக்கு சைட் வைத்து, 150-ல் எவ்வளவு இறங்குகிறது என்று மைதானத்தில் சுட்டுப் பார்த்த பிறகுதான் மலைக்கு.