ரிசீவர் பைண்ட் ஆகவே மாட்டேங்குது, மூணு நாளா மண்டை காயுது

மூணுசர்வோ:
வணக்கம் அண்ணே எல்லாருக்கும். கூட வேலை பார்த்தவர் ஊருக்குத் திரும்பிப் போறப்ப ஃபோம்ல செஞ்ச ஒரு ரிமோட் கண்ட்ரோல் ட்ரெய்னர் விமானம் குடுத்துட்டுப் போனாரு, சர்வோ (இறக்கைத் தகடுகளை அசைக்கிற குட்டி மோட்டார்), மோட்டார், சிக்னல் வாங்குற ரிசீவர் எல்லாம் உள்ளயே இருக்கு, கையில பிடிச்சு ஓட்டுற ட்ரான்ஸ்மிட்டர் மட்டும் இல்ல. சரின்னு செகண்ட் ஹேண்ட்ல ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 வாங்கினேன், அதுவும் ஃப்ளைஸ்கை இதுவும் ஃப்ளைஸ்கை, அப்புறம் என்னன்னு நினைச்சேன். ரெண்டையும் ஜோடி சேர்க்க, அதான் பைண்ட் பண்ண, பைண்ட் பிளக்கை ரிசீவரோட பேட்டரி துளையில சொருகி கரண்ட் குடுத்தா ரிசீவர் லைட் படபடன்னு மினுக்குது, ட்ரான்ஸ்மிட்டர்ல பைண்ட் பட்டனை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணா பைண்ட் ஆகுதுன்னு திரையில காட்டுது, அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல. பையன் (13 வயசு) தினமும் ஸ்கூல் விட்டு வந்த உடனே "பறக்குமாப்பா"ன்னு கேக்குறான்.

புளோக்கு12:
ட்ரான்ஸ்மிட்டரை ரிசீவர் மேலயே வச்சிருக்கீங்களா? ரொம்ப ஒட்டி இருந்தா சிக்னல் ஓவராகி குழம்பிடும், ஒரு மீட்டர் தள்ளி வச்சுப் பாருங்க. பிளக்கைத் திருப்பிப் போட்டுட்டீங்களான்னும் பாருங்க.

மூணுசர்வோ:
ஹால்ல ஒண்ணு ரூம்ல ஒண்ணு வச்சும் பாத்துட்டேன் பிரதர், வைஃபையைக் கூட அணைச்சாச்சு. வீட்ல திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

பால்சாதூசி:
தம்பி, ரிசீவர் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்கு? அதைச் சொல்லாம மத்ததெல்லாம் சொல்றீங்க.

மூணுசர்வோ:
எஃப்எஸ்-ஆர்6பி அங்கிள்.

பால்சாதூசி:
அதானே பாத்தேன். அது ஏஎஃப்எச்டிஎஸ்-ங்கிற ஃப்ளைஸ்கையோட பழைய ரேடியோ முறையில பேசுற ரிசீவர், சிடி6பி மாதிரி பழைய ட்ரான்ஸ்மிட்டரோட வந்தது. உங்க ஐ6 இப்ப இருக்கிற செட்டிங்ல பேசுறது அதுக்கு அப்புறம் வந்த ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ. ரெண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ், ரெண்டும் ஒரே கம்பெனி, ஆனா பாஷை வேற, இப்படியே முப்பது நாள் அமுக்கினாலும் ஒட்டாது. 2ஏ பேசுற எஃப்எஸ்-ஐஏ6பி ரிசீவர் ஒண்ணு வாங்கிடுங்க. அதுல பைண்ட் பிளக் பி/விசிசி-ன்னு போட்ட இடத்துல போகணும், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற போர்டு) வயர் மூணாவது சேனல்ல, கருப்பு வயர் எந்தப் பக்கம் இருக்கணும்னு ரிசீவர் மேலயே போட்டிருக்கும் பாத்து சொருகுங்க. லைட் மினுக்கிற வேகம் மாறினதும் எல்லாத்தையும் அணைச்சு பிளக்கைப் புடுங்கிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க, அசையாம எரிஞ்சா ஆச்சு. நாங்க ஆரம்பிச்ச காலத்துல எந்த சேனல்னு முடிவு பண்ற கிரிஸ்டலை மாத்தி மாத்திப் போடணும், நம்ம சேனல்லயே இன்னொருத்தர் தெரியாம ஆன் பண்ணிட்டா விமானம் தரையிலதான். இப்ப ரிசீவர் ட்ரான்ஸ்மிட்டரோட ஐடியை மனப்பாடம் பண்ணி வச்சுக்கிட்டு மத்தவனை மதிக்காது, அதுக்குத்தான் இந்த பைண்ட் கூத்தெல்லாம்.

முக்கியமா ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டுதான் இதெல்லாம் பண்ணணும். நான் ஒரு தடவை சோம்பேறித்தனமா கழட்டாம சாப்பாட்டு மேசை மேல வச்சு செக் பண்ணேன், த்ராட்டில் (மோட்டார் வேகம்) பாதியில இருக்கிறப்ப ட்ரான்ஸ்மிட்டரை அணைச்சேன், சிக்னல் போனா என்ன பண்ணணும்னு முன்னாடியே சொல்லி வைக்கிற ஃபெயில்சேஃபை செட் பண்ணல, ரிசீவர் கடைசியா கேட்டதையே பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மேசை விரிப்பு ப்ரொப்பெல்லர்ல சுத்தி, அதோட குழம்புச் சட்டியும் கீழ. அதனால பைண்ட் ஆனதும் ட்ரான்ஸ்மிட்டர் மெனுல ஆர்எக்ஸ் (ரிசீவர்) செட்டப்ல ஃபெயில்சேஃப் போங்க, மூணாவது சேனலை எடுத்து, ஸ்டிக்கை முழுசா கீழ வச்சுக்கிட்டு ஆன் பண்ணுங்க, கேன்சல் பட்டனை நீளமா அமுக்கினாதான் சேவ் ஆகும், சும்மா தட்டினா போயிடும். ஆமா, ஐ6ல சேவ் பண்றதுக்கு கேன்சல், யாரு யோசிச்சாங்களோ.

புளோக்கு12:
விமானம் 250 கிராமுக்கு மேல இருந்தா சிஏஏஎஸ்ல (சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) பதிவு பண்ணி ஸ்டிக்கர் ஒட்டணும் பிரதர், 16 வயசு ஆகியிருக்கணும், அதனால பையன் பேர்ல முடியாது, உங்க பேர்லதான். ஏர்போர்ட், ஏர்பேஸ்லேருந்து 5 கிலோமீட்டருக்குள்ள பெர்மிட் இல்லாம பறக்கக் கூடாது, 200 அடிக்கு மேலயும் கூடாது. நம்ம ஊர்ல அந்த 5 கிலோமீட்டரைக் கழிச்சா மிச்சம் எவ்வளவு லா, முதல்ல மேப்பைப் பாருங்க.

மூணுசர்வோ:
ஐஏ6பி நேத்து வந்துச்சு, சொருகி நாலு செகண்ட் கூட ஆகல, பைண்ட் ஆயிடுச்சு! அங்கிளுக்கு ஒரு கோப்பி கடன். ஃபெயில்சேஃபும் ப்ரொப்பெல்லர் இல்லாம செக் பண்ணிட்டேன், ட்ரான்ஸ்மிட்டரை அணைச்சதும் மோட்டார் நின்னுடுது. ஒரே ஒரு சந்தேகம், ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா வலது ஏலரான் (இறக்கையோட பின் ஓரத்துல அசையுற தகடு) கீழ போகுது, இது சரியா?

பால்சாதூசி:
தலைகீழ். விமானத்துக்குப் பின்னாடி நின்னு பாக்கணும், வலது தள்ளினா வலது ஏலரான் மேல வரணும். ஃபங்ஷன்ஸ் மெனுல ரிவர்ஸ் இருக்கு, சேனல் 1 மாத்துங்க, மாத்திட்டு வால்ல இருக்கிற எலிவேட்டரையும் ரட்டரையும் அப்படியே பாத்துடுங்க. சேவ் பண்றது எந்த பட்டன்னு ஞாபகம் இருக்குல்ல?

மூணுசர்வோ:
கேன்சல் 😅