லோகோகிராமுக்குத் தமிழ் என்ன?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். சிற்றிதழ் ஒன்றுக்காகக் கோப்ரா ஓவிய இயக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோபன்ஹேகன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர். 1948 நவம்பரில் பாரிஸில் ஒரு கஃபேயில் ஆறு பேர் கையெழுத்திட்டுத் தொடங்கி, 1951இல் கலைந்துவிட்டது. பெயர் சூட்டியவர் கிறிஸ்தியான் தொத்ரெமோன் (1922–1979). பெல்ஜியக்காரர், பிரெஞ்சில் எழுதிய கவிஞர். 1962இலிருந்து அவர் செய்துவந்தவற்றுக்கு அவரே வைத்த பெயர்தான் லோகோகிராம். சிக்கல் அங்கேதான்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய வெள்ளைத் தாள். அதில் கறுப்பு மையில் தூரிகை தாறுமாறாக ஓடியிருக்கும். ஒரு கோடு மேலே எகிறும், ஒன்று சுருண்டு விழும், மை தீர்ந்த இடத்தில் தூரிகை மயிரின் தடம் தெரியும். முதலில் பார்க்கும்போது கொக்குக் கூட்டம் கலைந்து பறப்பது போல இருக்கும். தாளின் அடியில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு பிரெஞ்சு வாக்கியம், பள்ளிப் பிள்ளை எழுதியது போலத் தெளிவாக. அதைப் படித்துவிட்டு மறுபடி மேலே பார்த்தால்தான் விஷயம் புரியும்: மேலே இருப்பதும் அதே வாக்கியம். எழுத்துகள் நீண்டும் கிழிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கின்றன. அப்புறம் கண் மேலும் கீழுமாக அலைய ஆரம்பித்துவிடும்: இந்த வளைவு எந்த எழுத்து, அந்தச் சொல் எங்கே போயிற்று என்று.

நான் யோசித்து வைத்திருப்பவை: சொல்லெழுத்து, சித்திரக்கவி, சொல்லோவியம், கிறுக்கெழுத்து. எதுவும் ஒட்டவில்லை. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

அன்புடன்.

---

அன்புள்ள தம்பி,

உங்கள் பட்டியலில் சொல்லெழுத்தை முதலில் எடுத்துவிடுங்கள். மொழியியலில் லோகோகிராம் என்றால் ஒரு சொல்லுக்கு ஒரு குறி. சீன எழுத்து அப்படி. நம் பழைய கணக்கேடுகளில் நாளுக்கும் மாதத்துக்கும் வருடத்துக்கும் இருந்த ௳, ௴, ௵ கூட அப்படித்தான். சொல்லெழுத்து அதற்குப் பொருந்தும். தொத்ரெமோன் செய்தது அது இல்லையே. அவர் எழுதியது முழுக்க ரோமன் எழுத்துதான், உருவம் சிதறியது, அவ்வளவே. கிரேக்கத்தின் சொல்லையும் எழுத்தையும் சேர்த்து அவர் தனக்காக ஒரு பெயர் கட்டிக்கொண்டார். மொழியியல் அதே பெயரை வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. நாம் பெயரைப் பெயர்த்தால் குழம்பும். பொருளைப் பெயர்ப்போம்.

சித்திரக்கவி நல்ல சொல், ஆனால் அது பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேருக்கு உரியது. 1918இல் வந்த அவருடைய கலிகிராம் கவிதைகளில் மழை பற்றிய கவிதையின் எழுத்துகள் மழைத்தாரையாகவே இறங்கும். நம் நாகபந்தமும் தேர்பந்தமும் அந்தக் குடும்பம்தான், இன்னும் கட்டுப்பாடு கூடியவை. அங்கெல்லாம் உருவம் முன்னமே தெரியும், எழுத்து அதில் போய் உட்கார வேண்டும். தொத்ரெமோனிடம் பாம்பும் இல்லை, தேரும் இல்லை.

வனப்பெழுத்து என்று யாராவது சொல்வார்கள். அதுவும் வேண்டாம். வனப்பெழுத்துக் கலைஞர் முன்பே இருக்கிற பாட்டையோ மறைமொழியையோ எடுத்து அழகாக எழுதுகிறார். தொத்ரெமோன் தாளில் தூரிகையை வைக்கும்போது கையில் வாசகம் எதுவும் இருக்காது. சொல் பிறப்பதும் கோடு ஓடுவதும் ஒரே மூச்சில் நடக்கும், திருத்தம் கிடையாது. பென்சில் வரி வருவது அதற்குப் பிறகுதான். இதைப் பிடிக்காத சொல் எதுவும் கலைச்சொல் ஆகாது என்பது என் கட்சி.

சொல்லோவியம் மேடைப் பேச்சில் தேய்ந்துபோன சொல். பாராட்டு விழாவுக்கு ஒரு தடவையாவது காதில் விழுகிறது. கிறுக்கெழுத்து என்றால் டாக்டரின் மருந்துச் சீட்டு நினைவுக்கு வரும். தவிர, அது ஆன்றி மிஷோவுக்குத்தான் கொஞ்சமாவது பொருந்தும். மிஷோவும் பெல்ஜியத்தில் பிறந்தவர், கவிஞர், ஓவியர்; 1927இலேயே எழுத்து போலவே தோன்றும் ஆனால் எந்த எழுத்தும் அல்லாத குறிகளால் பக்கங்களை நிரப்பியவர். அவருடைய கோடுகளுக்குப் பின்னால் சொல் கிடையாது. தொத்ரெமோனுடையதில் உண்டு. இருவருக்கும் ஒரே பெயர் வைக்கலாகாது.

சரி, என் பரிந்துரை: வரைசொல்.

தமிழில் கடிதமும் வரைவோம், படமும் வரைவோம். எழுதுவதும் அப்படித்தான். கண்ணுக்கு மை எழுதுகிறோம். வள்ளுவர் "எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்" என்கிறாரே, அந்தக் கோல் எழுத்தாணி இல்லை, மைக்கோல். தீட்டுவதற்கும் எழுதுவதற்கும் நடுவில் தொத்ரெமோன் தேடி இடித்த சுவர் தமிழில் முதலிலிருந்தே அவ்வளவு உயரமில்லை.

இன்னொன்று. வரைசொல் வினைத்தொகை. வரைந்த, வரைகிற, வரையும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். சொல் முதலா கோடு முதலா என்ற கேள்விக்கே இடம் தராத கலைக்கு, காலம் காட்டாத தொகையைவிட வேறென்ன வேண்டும்? வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அச்சுக்கோக்கிறவர் "வரைச்சொல்" ஆக்கிவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

வரைசொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு இடறல் மட்டும். தொத்ரெமோன் ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள லாப்லாந்துக்குப் பலமுறை போனவர், முதல் பயணம் 1956இல். பிறகு அங்கே பனியில் ஒரு கோலால் எழுதி, அதைப் படமெடுத்து, லோகோநேஜ் என்று பெயரிட்டார். நேஜ் என்றால் பனி. இதற்குப் பனிவரைசொல் என்று போட்டால் என்ன ஆகும்? வாசகர் "பனிவரை" என்று பிரிப்பார். வரை என்றால் மலை, அப்போது அது இமயமலை!

அதோடு பனி என்பதே தமிழில் வழுக்கும். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனிதான். நான் இருக்கிற நோர்வேயில் எங்கள் சனம் அந்தச் சிக்கலே வேண்டாம் என்று "ஸ்நோ கொட்டுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். வீட்டு முற்றத்தில் பனிச்சறுக்குத் தடியின் நுனியால் நானே இரண்டு வரி எழுதிப் பார்த்திருக்கிறேன். வெயில் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது, வெள்ளையில் வெள்ளை. சாய்ந்த வெளிச்சம் விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழும்பும். அங்கே மையின் வேலையைச் செய்வது நிழல். பெயரில் அந்த வெண்மை வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.

---

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

பனிவரை என்று பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இனி அது கண்ணை விட்டுப் போகாது. தொத்ரெமோனே அங்கே "கிராம்" பகுதியைக் கழற்றிவிட்டுச் சொல்லையும் பனியையும் மட்டும்தான் ஒட்டினார். நாமும் வரையைக் கழற்றிவிடலாமா? வெண்பனிச்சொல். நீளம்தான், ஆனால் அக்கா கேட்ட வெண்மை கிடைக்கிறது, புல்லில் நிற்கும் பனியும் விலகிவிடுகிறது. ஐயாவுக்குச் சம்மதமா?

வரைசொல்லைக் கட்டுரைக்குள் போட்டு ஓட்டிப் பார்த்தேன். 1950இல் நடந்த ஒன்றைச் சொல்லும் இடம் அது: தொத்ரெமோன் தன் கையெழுத்துப் படியைத் திருப்பி, வெளிச்சத்தில் பின்பக்கமாக, நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பார்க்கிறார். பிரெஞ்சு வரிகள் சீனம் போல, மங்கோலியம் போலத் தெரிகின்றன. "வரைசொல்லுக்கான விதை இங்கே இருக்கிறது" என்று எழுதினேன். நன்றாகவே நின்றது. பிரஸ்ஸல்ஸில் அனேசன்ஸ் நிலத்தடி நிலையத்துக்காக அவரும் கோப்ரா ஓவியர் அலெஷின்ஸ்கியும் 1976இல் சேர்ந்து செய்த பலகைகளைப் பற்றிய பத்தியிலும் இடறவில்லை.

இடறியது வினையில். "1962இல் தன் முதல் வரைசொற்களை" என்றதும் பேனா நின்றுவிட்டது. எழுதினாரா, வரைந்தாரா? "வரைசொல் வரைந்தார்" காதுக்குக் கூறியது கூறல் மாதிரி இருக்கிறது. "எழுதினார்" என்றே வைத்துவிட்டேன், மை எழுதுகிற அர்த்தத்திலும் சேர்த்து.

இன்னும் ஒன்று பாக்கி. பனிக்கட்டியில் எழுதியதற்கு அவர் வைத்த பெயர் லோகோகிளாஸ். பிரெஞ்சில் கிளாஸ் என்றால் பனிக்கட்டியும் உண்டு, ஐஸ்கிரீமும் உண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியும் உண்டு. அதற்கு நாளை தனி இழை தொடங்குகிறேன்.